தகரக் கூரை, வியாழன் ஏழு மணி

"நிச்சயமாக அழித்துவிடலாமா?" என்று கணினி கேட்டது. கள்ளி வானொலியில் சந்தோஷிடம் அனுமதி கேட்டு ஒரு காரியம் செய்கிற ஒரே ஜீவன் அந்தக் கணினிதான். அந்த மரியாதையில் மயங்கி, ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜியோடு, மறு கையால் 'ஆம்' என்பதை அழுத்தினான்.

ஹார்ட் டிஸ்க்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, நீல மையில் 'குப்பை' என்று எழுதியிருந்தது. குப்பையை அழிப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? அழித்த இடத்தில் புதுப் பதிவுகளையெல்லாம் கொட்டி நிரப்பினான். நிரப்பி முடித்து, எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றியபோதுதான் அந்தக் கோணல் எழுத்து தன்னுடையது என்று தெரிந்தது. எழுதிய நாளும் ஞாபகம் வந்தது. கூட நிகழ்ச்சி நடத்திய நண்பன் யூசுப் உயிரோடு இருந்தபோது, அவனைக் கடுப்பேற்றுவதற்காக, அவனுடைய நிகழ்ச்சிகள் அத்தனையும் இருந்த டிஸ்க்கின் மேல் சந்தோஷ்தான் அப்படி எழுதி ஒட்டினான். யூசுப் அதைப் பிய்த்துப் போடவில்லை. "இருக்கட்டும் மச்சான். குப்பைன்னு போட்டிருந்தா எவனும் திருட மாட்டான்" என்று சிரித்தான்.

எவனும் திருடவில்லைதான்.

கள்ளி வானொலி கள்ளிக்குப்பத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. ஆவடித் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சண்முகசுந்தரம் சார் ஆரம்பித்த சமூக வானொலி. சட்டம் ஒன்றே ஒன்று: சினிமாப் பாட்டு கிடையாது. சாவு வீட்டு கானா, குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் கிதார், பூந்தமல்லிப் பக்கத்துப் பக்கீர் பாட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து மேளம் அடிக்கிறவர்கள் என்று வேறு ரேடியோக்காரர்கள் வாசலில் நிறுத்துகிற எல்லோரும் இங்கே உள்ளே வரலாம். கேட்கிறவர்கள் மழைக்காலத்தில் குறைவு, வெயில் காலத்தில் அதைவிடக் குறைவு. எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டையும் பழைய போர்வையும் அடித்திருக்கும். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் செய்தி வாசிக்கிற பானுப்பிரியா கண்ணீரோடுதான் வாசிப்பாள். செய்தி அவ்வளவு மோசம்போல என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

அந்த வானொலிக்குப் பதினைந்தாம் ஆண்டு வருகிறது, அதன் வரலாற்றை ஒரு நிகழ்ச்சியாகத் தயார் செய் என்று சார் சந்தோஷிடம் சொல்லியிருந்தார். வரலாற்றுக்கு இடம் வேண்டுமே என்றுதான் சந்தோஷ் குப்பையை அழித்தான்.

யூசுப்பின் நிகழ்ச்சிக்குப் பெயர் 'தகரக் கூரை.' வியாழக்கிழமை மாலை ஏழு மணி, அரைமணி நேரம். தன் அம்மா ஜமீலா அந்தி நேர மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டுக் கேட்கட்டும் என்று அவனே தேர்ந்தெடுத்த நேரம். பாடி மேம்பாலத்தடியில் ஜல்லி லாரி ஒன்று அவன் பைக்கை இழுத்துக்கொண்டு போன பிறகும் அந்த ஏழு மணி மாறவில்லை. வாராவாரம் அவனுடைய பழைய நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்புவது நிலையத்தின் வழக்கமாகிவிட்டது. கோவில்பதாகை வீட்டில் ஜமீலா ஊதுபத்தி கொளுத்தி, மகனுக்காக ஃபாத்திஹா ஓதி, ரேடியோவின் முன் உட்காருவாள். வியாழன் பொழுது சாய்ந்தால் போனவர்கள் வீட்டுப் பக்கம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்பது அவள் நம்பிக்கை. வருகிறவன் தன் குரலையாவது கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகட்டும் என்பாள். முடிந்ததும் சந்தோஷின் போனுக்கு ஒரு குரல் செய்தி வரும். "கேட்டுக்கினேன் ராஜா. நல்லா பேசனான்."

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடைக்கு ஓடினான். கடைக்காரர் அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெறுமனே அழிச்சிருந்தா எடுத்துக் குடுத்துடுவேன் தலைவா. நீ மேலயே எழுதி வெச்சுக் கீறியே. பொதச்ச எடத்துல ஊடு கட்டிட்டு, இப்ப தோண்டிக் குடுன்னா எப்டி?"

வியாழக்கிழமை காலை சண்முகசுந்தரம் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "இன்னிக்கு யூசுப்போடது எது போடறே?"

"மழை எபிசோடு சார்."

"டிஸ்க் பத்திரமா இருக்குல்ல? காப்பி எடுத்து வைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"பத்திரமா கீது சார்."

அந்த ஒரு வாக்கியத்தை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சார் திட்டியிருப்பார், ஜமீலா அழுதிருப்பாள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜமீலா அழுவதைப் பார்க்கிற தைரியம் சந்தோஷுக்கு இல்லை. யூசுப்பை அடக்கம் செய்த ஜனாஸா அன்று ஒரு தடவை பார்த்தாயிற்று. அது போதும் என்றிருந்தது அவனுக்கு.

பாட்டெல்லாம் வேறு கணினியில் பத்திரமாக இருந்தது. போனது பாட்டுக்கு நடுவே யூசுப் பேசியது மட்டும்தான். சந்தோஷுக்கோ மிமிக்ரி கைவந்த கலை. காலை நிகழ்ச்சியில் "எழுந்துட்டியா மாமே? நான் சந்தோஷ். பேர்ல மட்டும்" என்று ஆரம்பித்தால் அரைமணி நேரத்துக்குள் நாலு பேர் குரலில் பேசிவிடுவான். அதிலும் யூசுப்பின் குரல் தண்ணீர் பட்ட பாடு. எந்த வாக்கியத்துக்கும் முன்னால், டீயை ஒரு வாய் விழுங்கினாற்போல, யூசுப்பிடமிருந்து ஒரு சின்ன "ம்" வரும். ஆண்டு விழாவில் சந்தோஷ் அதைச் செய்து காட்டியபோது எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது யூசுப்தான். "என்னவிட நீ நல்லா யூசுப்பா கீறடா" என்றான்.

அந்த மத்தியானம் சந்தோஷ் பதிவு அறையின் கதவைச் சாத்தினான். கீழே மில்லின் பெல்ட் தடதடத்துக்கொண்டிருந்தது, கோதுமை மாவின் வெதுவெதுப்பான வாசனை தரையின் இடுக்கு வழியாக ஏறி வந்து போர்வைகளின் பழைய வேர்வை நாற்றத்தோடு கலந்து மூக்கை அடைத்தது, முட்டை அட்டைகளின் ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன நிழல் உட்கார்ந்திருக்க, அத்தனை குழிகளும் காது மாதிரி அவன் பக்கம் திரும்பியிருந்தன. சிவப்பு விளக்கைப் போட்டான். கண்ணை மூடினான். யூசுப் வாராவாரம் ஆரம்பிக்கிற அதே வரியைச் சொன்னான்.

"ம். தகரக் கூரை மேல மழை. நான் யூசுப்."

அவ்வளவு சரியாக வந்ததில் அவனுக்கே கை சிலிர்த்துக்கொண்டது. இந்த ஒரு வாரம் மட்டும் என்று சொல்லிக்கொண்டான். குடிகாரர்கள் சொல்வது மாதிரிதான்.

ஏழு மணிக்கு ஒலிபரப்பாயிற்று. வழக்கமாக, கடைசிப் பாட்டு முடிந்த கையோடு ஜமீலாவின் குரல் செய்தி வந்துவிடும். அன்று வரவில்லை. சந்தோஷ் போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக, படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். எட்டு மணி வாக்கில் வந்தது. முதலில் வெறும் சத்தமில்லாத இடைவெளி. ஊதுபத்தி மணத்தைக்கூடப் போன் வழியாக அனுப்ப முடியும் என்பதுபோல ஒரு கனத்த இடைவெளி. பிறகு, "கேட்டுக்கினேன்."

அவ்வளவுதான். ராஜா இல்லை. நல்லா பேசனான் இல்லை. செய்தி அறுபடுவதற்கு முன்னால், தள்ளி எங்கோ, ஒரு சின்ன "ம்."

ரேடியோவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மாடிப்படியில் பாதி ஏறியபோதுதான், நிகழ்ச்சி முடிந்து அரைமணி நேரம் ஆகிவிட்டது உறைத்தது.

அடுத்த வாரமும் செய்தான். அதற்கடுத்த வாரமும். குற்ற உணர்ச்சிக்கு ஒரு வசதி உண்டு, வேலையில் சிரத்தை கூடும். யூசுப் மூச்சு விடுகிற இடம், சிரிப்பை அடக்குகிற இடம் எல்லாம் அவனுக்குப் பிடிபட்டது. யோசிக்காமலே வாயில் வந்தது.

"யூசுப் பேசறது இப்பல்லாம் ரொம்பப் பக்கத்துல கேக்குது" என்றாள் பானுப்பிரியா, டிபன் டப்பாவைத் திறந்தபடி.

"இன்னா, வித்தியாசமா கீதா?"

"தெர்ல." தயிர்சாதத்தைப் பிசைந்தாள். "நல்லாதான் கீது. ஆனா நான் கேக்கறதில்ல. அணைச்சுடறேன்."

"ஏன்?"

அவள் ஊறுகாயை நீட்டினாள். "வேணுமா?"

யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஜமீலாவுக்கு போன் செய்து, "நிகழ்ச்சி எப்டிம்மா கீது?" என்று கேட்டால், "மழை வர்ற மாதிரி கீது ராஜா, துணி எடுக்கணும்" என்று வைத்துவிடுவாள். ஆனால் குரல் செய்தி மட்டும் தவறாமல் வந்தது. ஒவ்வொன்றிலும் அவளுடைய "கேட்டுக்கினேன்" முடிந்த பிறகு, தள்ளி எங்கோ, வேறொன்று இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு தொண்டை திறந்து மூடுகிற சத்தம், எச்சில் விழுங்கவே மறந்துபோன ஒருவன் விழுங்கப் பார்ப்பதுபோல. மூன்றாவது வாரம் "எ… எ…" என்று ஒரே எழுத்து. அதற்கடுத்து "எழு… எழு…" கைக்குழந்தை பேசிப் பழகுவதுபோல. ஆனால் குழந்தையின் குரல் இல்லை. ஆண் குரல். ஈரமான குரல்.

அது யூசுப்பின் குரல் இல்லை என்பது சந்தோஷுக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்ட குரல் மாதிரியும் இருந்தது. யாருடையது என்றுதான் பிடிபடவில்லை. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை. ரேடியோவில் வேலை பார்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவன்தான் பேர்ல மட்டும் ரேடியோக்காரன்.

ஒரு திங்கட்கிழமை காலை சிவப்பு விளக்கு எரிந்தது. சந்தோஷ் வாயைத் திறந்தான்.

"ம். எழுந்துட்டியா மாமே?"

அவன் அந்த "ம்" சொல்ல நினைக்கவில்லை. அது வந்தது.

விளம்பர இடைவேளையில் பானுப்பிரியா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "காலங்காத்தால செத்தவன கலாய்க்கிறியே, உனக்கு நல்லாக் கீதா?"

"நான் ஒண்ணும் பண்ணல பானு."

"பண்ணாதயா வருது?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தான். "ம்மா, நான் வர லேட்டாவும்."

எதிர்ப்பக்கம் தயங்கியது. "யாருங்க பேசறது? சந்தோஷ் இன்னும் வரலீங்களே."

"நான்தான்மா."

"சந்தோஷ் வந்தா சொல்றேங்க" என்று அவனைப் பெற்றவள் போனை வைத்துவிட்டாள்.

பதிவு அறைக்குள் போய் உட்கார்ந்தான். தன்னுடைய பழைய காலை நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டு, நிறுத்தி, அதைப்போலவே சொல்லிப் பார்த்தான். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் மிமிக்ரி செய்தவன் கடைசியில் தன்னையே மிமிக்ரி செய்ய உட்கார்ந்திருப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தான். அது யூசுப்பின் சிரிப்பு. முட்டை அட்டைகளின் குழிகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன. மறுபடி சொன்னான். மறுபடி. வரவில்லை.

வியாழக்கிழமை போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். காலில் விழுவது. டிஸ்க்கை அழித்தவன் நான், இத்தனை வாரம் பேசியவன் நான், அடி, திட்டு, என் குரலை மட்டும் என்னிடம் விட்டுவிடச் சொல் என்று கேட்பது. யாரிடம் சொல்லச் சொல்வது என்பதை மட்டும் யோசிக்க மறுத்தான்.

அவனுடைய பழைய ஸ்கூட்டர் வேறு யார் உதைத்தாலும் கிளம்பாது. சீட்டை இரண்டு தட்டுத் தட்டி, "எழுந்துக்கோ நைனா" என்று சொல்லி உதைத்தால்தான் உயிர் வரும். அன்று சொன்னான். வண்டி அவனை யாரோபோல் பார்த்தது. தள்ளிக்கொண்டே மெயின் ரோடு வரை போய், இறக்கத்தில் ஓடவிட்டு எப்படியோ கிளப்பினான். ஆவடியைத் தாண்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது.

ஜமீலாவின் வீடு தெருக்கோடியில், தகரக் கூரை போட்ட வராந்தாவோடு இருந்தது. நிகழ்ச்சிக்குப் பெயர் வந்ததே அந்தக் கூரையால்தான். மழை அதன்மேல் புளியங்கொட்டை கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தது, செருப்பை வாசலில் விட்டு, ஹெல்மெட்டைக் கதவோரத்து ஆணியில் மாட்டி உள்ளே நுழைந்தபோது ஊதுபத்திப் புகையும் இஞ்சி தட்டிய டீயின் மணமும் அவற்றுக்கடியில், லாரி டயர் சூடேறினாற்போல, ரோட்டுத் தார் வாசனை ஒன்றும் மூக்கில் ஏறின. ஸ்டூலின் மேல் ரேடியோ. அதன் முன் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. தட்டில் மூன்று கிளாஸ் டீ.

"வா ராஜா. நனஞ்சுகினு வந்துக்கிற" என்றாள் ஜமீலா. முந்தானை நுனியால் அவன் தலையைத் துவட்டினாள்.

உள்ளறைக்குப் பூப்போட்ட திரை தொங்கியது. அது லேசாக உள்வாங்கி, வெளியே வந்தது. மூச்சு மாதிரி.

"உள்ள யாரும்மா?"

"பூனை." டீயை எடுத்து அவன் கையில் வைத்தாள். "குடி."

ஏழு மணி ஆயிற்று. ரேடியோவிலிருந்து அவன் பதிவு செய்து வைத்த குரல் வந்தது. ம். தகரக் கூரை மேல மழை. நான் யூசுப். கூரைமேல் நிஜமாகவே மழை. திரை அசைவதை நிறுத்தியது. திரைக்குப் பின்னால் கேட்கிற ஒருவனுடைய அமைதி. கவனமாக, ஒரு சொல் விடாமல் கேட்கிற அமைதி. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரலிடுக்கில் கருங்கல் ஜல்லிப் பொடி.

"யம்மா. உள்ள யாரு?"

"காத்து."

சந்தோஷ் தரையில் உட்கார்ந்தான். அவள் காலைத் தொட்டான். சொன்னான். பஜ்ஜி, பிளாஸ்திரி, 'குப்பை', கடைக்காரர், சாரிடம் சொன்ன பொய், எல்லாம். சொல்லச் சொல்ல அந்தக் குரலில் அவனுடையது ஒரு துளியும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "ம்."

ஜமீலா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "தெரியும். மொத வாரமே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"நான் மட்டுமா கேட்டேன்?" அவள் ரேடியோவைப் பார்த்தே பேசினாள். "எப்பவும் தன் கொரல கேட்டுட்டு எழுந்து பூடுவான். அன்னிக்கிப் போவல. இது நானில்லையேன்னு உக்காந்துட்டான். வாரா வாரம் உக்காந்துகினே கீறான். காலைல நீ பேசறதயும் கேக்கறான்."

நிகழ்ச்சி முடிந்தது. அவள் ரேடியோவை அணைத்தாள்.

மழை மட்டும்.

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு பிசிறு இல்லாமல், நன்றாகப் பழகிய குரலில்:

"எழுந்துட்டியா மாமே? நான் சந்தோஷ்."

திரை விலகியது. சந்தோஷால் திரும்ப முடியவில்லை. கழுத்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஈரப் பாதம். ஒன்று. இன்னொன்று. தார் வாசனை. கதவோரத்து ஆணியிலிருந்து ஹெல்மெட் எடுபடும் சத்தம். வாசலில் செருப்பு. அவனுடைய செருப்பு. அது நடக்கும் சத்தம் அவனுக்குத் தெரியும்.

கத்த வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். நான்தான். நான்தான் சந்தோஷ். வாயைத் திறந்தான்.

"ம். தகரக் கூரை மேல மழை. நான் யூசுப்."

வெளியே, சீட்டை யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. "எழுந்துக்கோ நைனா." முதல் உதையிலேயே ஸ்கூட்டர் கிளம்பியது.

முகப்பு விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக ஜமீலாவின் முகத்தில் ஏறி இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜனாஸா அன்றிலிருந்து யாரும் பார்க்காத சிரிப்பு.

அவன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான். "யம்மா. யாரு அது? யாரும்மா?"

இந்தத் தடவை அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"சந்தோசு" என்றாள். "உன்ன இட்டாந்து உட்டுட்டு அவன் ஊட்டுக்குப் போறான். நீ டீயக் குடி யூசுப்பு. ஆறிடப் போவுது."